இன்னொரு முறை பார்க்க வேண்டும்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். வேற்று நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களிடம் அந்தக் கணக்கு செல்லாது. ‘ஏ.யு. மைக் பி’ என்ற கோளின் கதையைப் படித்ததிலிருந்து இதை யாரிடமாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

நம்மிடமிருந்து 32 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது ஏ.யு. மைக் என்ற சிவப்புக் குறுமீன். சூரியனுக்கு 460 கோடி வயது என்றால், இதற்குச் சுமார் 2 கோடிதான். இளம் நட்சத்திரங்களுக்கே உரிய சீற்றம் இதற்கும் உண்டு. அடிக்கடி வெடித்து எக்ஸ் கதிரையும் புற ஊதாக் கதிரையும் வாரி இறைக்கும். அதிலிருந்து வெறும் ஒரு கோடி கிலோமீட்டர் தள்ளி, எட்டரை நாளுக்கு ஒரு சுற்று சுற்றுகிறது இந்தக் கோள். ஏறக்குறைய நெப்டியூன் அளவு. அவ்வளவு அருகில் இருந்தால் மேல்காற்று சூடேறி விண்வெளிக்குத் தப்பத்தான் செய்யும்.

அப்படித் தப்பும் காற்றிலுள்ள ஹைட்ரஜனைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கோள் நட்சத்திரத்தின் குறுக்கே கடக்கும்போது, புற ஊதா ஒளியில் ஒரு குறிப்பிட்ட அலைநீளம் மங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஹப்பிள் தொலைநோக்கி 2020இல் பார்த்தது. ஒன்றும் மங்கவில்லை. 2021இல் மறுபடி பார்த்தது. ஹைட்ரஜன் தெளிவாகத் தெரிந்தது! அதுவும் கோளுக்குப் பின்னால் வால்போல நீளாமல், கோளை முந்திக்கொண்டு போனது. டார்ட்மவுத் கல்லூரி ஆய்வாளர்கள் தலைமையில் 2023இல் இந்த முடிவு வெளியானது. முதல் தடவை காற்று தப்பவே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. நட்சத்திரத்தின் கதிர்வீச்சு ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பறித்துவிட்டால் இந்த முறைக்கு அது அகப்படாது. நட்சத்திரத்திலிருந்து வீசும் துகள் காற்றின் வேகம் மாறினாலும் காட்சி மாறும்.

இது தனி ஒரு கோளின் விசித்திரம் அல்ல. எச்.டி. 189733 பி என்ற கோளில் 2010இல் எதுவும் தென்படவில்லை; 2011 செப்டம்பரில் வாயு வெளியேறுவது தெரிந்தது. அதற்குச் சுமார் எட்டு மணி நேரம் முன்னதாக நட்சத்திரத்தில் எழுந்த பெரும் வெடிப்பை ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் பதிவு செய்திருந்தது.

இப்படி ஓரிரு ஆண்டுக்குள் மாறுவது ஒரு பக்கம். கோடிக்கணக்கான ஆண்டுகள் நடக்கும் தேய்மானம் இன்னொரு பக்கம். அதை யாரும் உட்கார்ந்து பார்க்க முடியாது. வெவ்வேறு வயதுள்ள கோள்களை ஒப்பிட்டுத்தான் ஊகிக்க முடியும். பூமியைப்போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை விட்டம் உள்ள கோள்கள் குறைவாகவே இருப்பதை, கெப்ளர் தொலைநோக்கி கண்ட கோள்களை அளந்து 2017இல் காட்டினார்கள். காற்றுப் போர்வையை இழந்தவை வெறும் பாறையாகச் சுருங்கிவிட்டன என்பதே இதற்குப் பலரும் ஏற்கும் விளக்கம். ஏ.யு. மைக் பி போன்ற இளங்கோள்களில் அந்த இழப்பு நடக்கும்போதே பார்க்கக் கிடைக்கிறது. எனக்கு இது பெரும் கொடையாகப் படுகிறது.

ஹப்பிள், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிகளில் நேரம் கேட்கும் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். அதனால் ஒருமுறை பார்த்த கோளுக்கு மறுபடி நேரம் ஒதுக்குவது வீண் என்று தோன்றலாம். வீணே அல்ல. “அந்தக் கோளில் வளிமண்டலம் இல்லை” என்று அடுத்த முறை செய்தி வந்தால், எத்தனை தடவை பார்த்தார்கள் என்று தேடிப் படியுங்கள்.