மிதப்பில் இருப்பது படகு மட்டுமல்ல

லண்டனில் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கால்வாய்ப் படகில் குடியேறினால் வாடகை இல்லை, வரி இல்லை, நாடோடியின் சுதந்திரம் மட்டுமே மிச்சம் என்று சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்தார். லண்டனின் லிட்டில் வெனிஸ் கால்வாய்க் கரையில் தேநீரோடு ரசித்த ஒரு ஞாயிறு மாலை கட்டுரை முழுக்க வழிகிறது. திங்கள் காலை அந்தப் படகின் கழிவறைப் பெட்டியை யார் சுமந்துபோய்க் கொட்டினார்கள் என்பதற்கு மட்டும் அதில் ஒரு வரி இல்லை.

நேரோபோட் எனும் அந்தக் குறுகிய கால்வாய்ப் படகின் அகலம் சுமார் 2.1 மீட்டர். கழிவறைப் பெட்டி நிறைந்தால் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். தொட்டியில் தண்ணீர் தீர்ந்தால் படகையே குழாயடிக்கு ஓட்டிப்போக வேண்டும். குளிர்காலத்தில் இரும்புச் சுவர் வியர்க்கும். கரியடுப்பைக் கவனிக்காமல் தூங்கினால் மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளை முடித்துவிடும்.

வாடகை இல்லையாம். கால்வாய்களைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்டுக்கு ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டணம், காப்பீடு, நான்காண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கரையேற்றி அடிப்பாகத்துக்குத் தார் பூசும் செலவு. இதையெல்லாம் அவர் எந்தக் கணக்கில் எழுதுகிறார்? படகைக் கட்டி நிறுத்த நிலையான துறை வைத்திருந்தால் அதற்குத் தனிக் கட்டணம். இல்லாவிட்டால் 2024 ஏப்ரல் முதல் லைசென்ஸிலேயே கூடுதல் கட்டணம். துறையில்லாமல் சுற்றும் படகுக்கு உள்ளாட்சி வரி வருவதில்லை என்பது உண்மைதான். முகவரியும் வருவதில்லை. வங்கிக்காரரிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

சுதந்திரத்தின் லட்சணத்தை 1995-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நீர்வழிச் சட்டம் சொல்கிறது: துறையில்லாத படகு ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. பிள்ளையின் பள்ளி நகராது, வேலை பார்க்கும் இடம் நகராது, வீடு மட்டும் நகர்ந்தாக வேண்டும். அதுவும் மணிக்கு 4 மைலுக்கு மிகாமல்.

சாட்சிக்கு எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட்டை அழைக்கிறார் நண்பர். ரோல்ட் 1939 முதல் 1951 வரை 'கிரெஸ்ஸி' படகில் வாழ்ந்தார். அதைப் பற்றி அருமையாக எழுதினார். அவருக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அதே கால்வாய்களில் குடியேறியவர்களை நண்பருக்குத் தெரியாது போலும். ரயிலோடு போட்டிபோட முடியாமல் சரக்குக் கூலி சரிந்தபோது, கரையில் வாடகை கொடுக்கவும் வழியில்லை, கூலிக்கு ஆள் வைக்கவும் வழியில்லை என்று மனைவி மக்களைப் படகிலேற்றிய படகோட்டிகள் அவர்கள். ஏறக்குறைய பத்தடி நீள அறைக்குள் மொத்தக் குடும்பமும் அடைந்து கிடந்தது. அந்த நெரிசலுக்கு எதிராக சீர்திருத்தவாதி ஜார்ஜ் ஸ்மித் ஓயாமல் குரல் கொடுத்த பிறகுதான் 1877-ல் சட்டம் வந்தது. ஓர் அறையில் எத்தனை பேர் தங்கலாம் என்று வரம்பு கட்ட வேண்டியிருந்தது. அவர்கள் யாரும் எளிமையைத் தேடிப் போகவில்லை. இன்று லண்டன் வாடகை தாளாமல் படகில் ஒண்டுகிறவர்களை 'எளிமையைத் தேர்ந்தவர்கள்' என்று நண்பர் வாழ்த்தும்போது, வாடகையை ஏற்றியவர்களுக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும்!

தாமும் விரைவில் படகுக்குப் போவதாகக் கடைசி வரியில் அறிவித்திருக்கிறார். போகட்டும். ஜூனில் வேண்டாம், ஜனவரியில்.