ரேடியோவும் சின்னக் கடையும்

விளம்பரம் என்றதும் நம்மில் பலருக்குப் பெரிய கம்பெனிகளின் ஞாபகந்தான் வருகிறது. சோப்பும் பற்பசையும் தங்க நகையும் விற்பவர்கள் லட்சக்கணக்கில் பணத்தை வாரி இறைக்கிறார்கள். அதில் கொஞ்சம் வீணாய்ப் போனாலும் அவர்கள் வீட்டு அடுப்பு அணைந்து விடுவதில்லை. ஆனால் கடைத்தெருவின் கோடியில் எட்டடி இடத்தில் பாத்திரக் கடை வைத்திருப்பவர் என்ன செய்வார்? இரண்டு தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கும் அம்மாள் என்ன செய்வாள்? இவர்களுக்கு விளம்பரம் என்பது பெட்டியிலிருந்து எடுக்கிற பணம். ஒரு மாதம் தப்பாகச் செலவழித்து விட்டால் மறு மாதம் சரக்குக் கொள்முதலில் கை வைக்க வேண்டியதுதான். ஆகையால், உள்ளூர் ரேடியோவில் விளம்பரம் செய்வது இத்தகைய சிறு வியாபாரிகளுக்கு லாபமா நஷ்டமா என்பதைச் சற்றுக் கவனிப்போம்.

நமது கிராமங்களில் தமுக்கடித்துச் செய்தி சொல்லும் வழக்கம் வெகு காலமாக இருந்து வந்தது. தமுக்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது ஊர் எல்லையைத் தாண்டிக் கேட்காது. "நாளைக் காலை சாவடியில் ஏலம்" என்று சொன்னால், காதில் வாங்கியவர் அத்தனை பேரும் நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்தவர்கள். ஒரு சத்தமும் வீணாவதில்லை. ரேடியோ விளம்பரத்தின் பூர்வீகத்தைத் தேடிப் பார்த்தால் அதிலும் இதே குணத்தைக் காண்கிறோம். 1922-ம் வருஷம் ஆகஸ்ட் 28-ந் தேதி நியூயார்க் நகரத்தின் டபிள்யூ.இ.ஏ.எப். நிலையத்தில், ஒரு கட்டடக் கம்பெனி பத்து நிமிஷ நேரத்தை விலைக்கு வாங்கி, அந்நகரத்தின் ஜாக்ஸன் ஹைட்ஸ் பகுதியில் கட்டியிருந்த குடியிருப்பைப் பற்றிப் பேச வைத்தது. ரேடியோவில் காசு கொடுத்துச் செய்த விளம்பரங்களுக்கெல்லாம் மூத்தது என்று சாதாரணமாக இதைத்தான் சொல்லுகிறார்கள். உள்ளூர்க்காரர் உள்ளூர்க்காரருக்குச் சொன்ன சங்கதிதான் அது!

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1924-ல், ஸ்ரீ ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் அவருடைய நண்பர்களும் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார்கள். மிகவும் உற்சாகமாகத்தான் ஒலிபரப்பினார்கள். ஆனால் உற்சாகத்தைக் கொண்டு மின்சாரக் கட்டணம் கட்ட முடியாதல்லவா? 1927-ல் பண நெருக்கடியால் கிளப் நின்று போயிற்று. கருவியைச் சென்னை நகரசபை வாங்கிக்கொண்டு 1930-ல் ஒலிபரப்பை ஆரம்பித்தது. 1938-ல் அகில இந்திய ரேடியோ சென்னைக்கு வந்தது. அது சர்க்கார் ஸ்தாபனம். வியாபாரத்தின் வாடையே அதற்கு ஆகாமல் இருந்தது. 1967-ம் வருஷம் நவம்பர் முதல் தேதி பம்பாய், புனா, நாகபுரி நிலையங்களில் விவித பாரதி விளம்பரங்களை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அந்த ஆசாரம் தளர்ந்தது. இடையில் தமிழ் மக்கள் விளம்பரத்தைக் கேட்காமல் இருந்தார்களா என்றால், அதுதான் இல்லை. கடலுக்கு அக்கரையிலிருந்து இலங்கை வானொலி சினிமாப் பாட்டையும் விளம்பரத்தையும் சேர்த்தே அனுப்பிக் கொண்டிருந்தது. ஆனால் இரண்டு தேசங்கள் கேட்கும் நிலையத்தில் திண்டுக்கல் பூட்டுக் கடைக்காரருக்கு என்ன வேலை? பூட்டு வாங்கப் போகிறவர் சந்துக்கு நாலு பேர். கேட்கிறவர்களோ லட்சம் பேர்.

சின்னக் கடைக்கும் ரேடியோவுக்கும் உண்மையான உறவை உண்டாக்கியது எப்.எம். ஒலிபரப்புதான். இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. கோபுரத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டும் தூரம் எதுவோ, ஏறக்குறைய அதுவே அவற்றின் ராஜ்யம். கொடைக்கானல் மலைமேல் நிலையத்தை வைத்தால், தடுக்க மேடு இல்லாத காரணத்தால், சமவெளியில் பல ஜில்லாக்களுக்குக் கேட்கும். மதுரைக்காரரும் தேனிக்காரரும் கோடைப் பண்பலையைச் சொந்த ஊர் நிலையமாகப் பாவிப்பது இந்தப் பூகோள விசேஷத்தினால்தான். ஊர் நடுவே சிறு கோபுரம் வைத்தாலோ ஊருக்கு மட்டுமே கேட்கும். சங்கீத ரசிகர்கள் இதைக் குறையென்று சொல்லலாம். கடைக்காரருக்கு இதைவிடப் பெரிய அனுகூலம் வேறு கிடையாது. மறுபடியும் தமுக்கு வந்து சேர்ந்து விட்டது.

தமுக்கென்று நாம் சொல்வது சமுதாய வானொலிகளுக்கு மிகவும் பொருந்தும். 2004-ம் வருஷம் பிப்ரவரி முதல் தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் இவ்வகை நிலையம் தொடங்கிற்று. 2006-ல் தொண்டு ஸ்தாபனங்களும் நிலையம் வைக்கலாமென்று விதியைத் தளர்த்தினார்கள். சாதாரணமாக 50 வாட் கருவி. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கேட்டால் அதிகம். விளம்பரம் செய்யலாம், ஆனால் உள்ளூர் நிகழ்ச்சி, உள்ளூர் வியாபாரம், உள்ளூர் வேலை வாய்ப்பு ஆகியவற்றைப் பற்றித்தான் என்று 2006-ம் வருஷத்து விதி சொல்லிற்று. மணிக்கு 5 நிமிஷம் என்றிருந்த வரம்பை முதலில் 7 ஆக்கி, 2024-ல் 12 நிமிஷம் ஆக்கியிருக்கிறார்கள். பாம்பன் தீவில் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசை நிலையத்தை எடுத்துக் கொள்ளுங்கள். வலையும் கயிறும் விற்கிறவர் வேறு எந்தப் பத்திரிகையில், எந்தத் தொலைக்காட்சியில், இவ்வளவு துல்லியமாகத் தம்முடைய வாடிக்கைக்காரரைப் பிடிக்க முடியும்? காற்று எப்படி, அலை எப்படி என்று தெரிந்துகொள்ள அவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும் சமயம் அது.

இனிக் கணக்குக்கு வருவோம். சமுதாய வானொலியில் சர்க்கார் விளம்பரத்துக்கு 2024-ல் நிர்ணயித்த விகிதம் 10 வினாடிக்கு 74 ரூபாய். கடைக்காரரிடம் நிலையத்தார் கூடவோ குறைத்தோ பேசலாம். நாம் இதையே அளவுகோலாகக் கொள்வோம். 20 வினாடி விளம்பரம் ஒரு தடவைக்கு 148 ரூபாய். நாளைக்கு மூன்று தடவை, முப்பது நாள் என்றால் 13,320 ரூபாய். ரூபாய்க்குப் பத்துக் காசு லாபம் நிற்கும் கடையானால், இந்தச் செலவை ஈடு கட்டவே 1,33,200 ரூபாய்க்கு அதிகப்படியாக விற்றாக வேண்டும். மளிகைக் கடைக்கு இது மலை. தையல்கார அம்மாளுக்கோ, கூலியே வருமானம் ஆகையால், பாதி மலை. தனியார் நிலையங்களில் கட்டணம் வேறு. அதன் மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி.யும் உண்டு. தொகுப்பு முறையில் வரி கட்டும் சிறு வியாபாரிக்கு அந்த வரி திரும்பி வராது என்பதை, விளம்பரம் வாங்க வரும் ஏஜண்டுகள் அநேகமாகச் சொல்லுவதில்லை. நாம் சொல்லி வைக்கிறோம்.

இந்தக் கணக்கைப் பார்த்துப் பயந்தவர்கள் செய்கிற காரியம், நாளைக்கு ஒரு தடவை, வாரத்துக்கு இரண்டு நாள் என்று மாதம் பூராவும் தெளித்து விடுவது. நமது அபிப்பிராயத்தில் இதைவிடப் பணத்தைக் கோயில் உண்டியலில் போடலாம், புண்ணியமாவது மிஞ்சும். ரேடியோவில் சொன்ன சொல் நிற்பதில்லை; பத்திரிகையைப் போல மடித்து வைத்துக்கொண்டு மறுபடி பார்க்க இயலாது. ஒரே நேரத்தில், ஒரே குரலில், தினந்தோறும் கேட்டால்தான் மனத்தில் தங்கும். முப்பது நாள் செலவழிக்க முடியாதவர் பத்து நாளை எடுத்துக்கொண்டு, அந்தப் பத்து நாளும் விடாமல் அடிக்க வேண்டும். நேரத்தையும் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும். இக்காலத்தில் ரேடியோ கேட்பவர் யார்? கையும் கண்ணும் வேலையில் இருக்க, காது மட்டும் சும்மா இருப்பவர்கள்: சமையற்கட்டில் இருப்பவர்கள், தறி நெய்பவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கடையில் நிற்கிற பையன்கள். காலை ஏழு மணிக்கு அடுப்படியில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியதை இரவு பத்து மணிக்குச் சொல்லி என்ன பயன்? இரவு நேரம் விலை மலிவு என்று ஏஜண்டு சொல்லத்தான் சொல்லுவார்.

நமக்குத் தெரிந்த பாத்திரக் கடை அண்ணாச்சி ஒருவர், தாம் எழுதி வைத்திருந்த விளம்பரத்தை ஒரு நாள் நம்மிடம் காட்டினார். தகப்பனார் பெயர், கடை ஆரம்பித்த வருஷம், தரம், நாணயம், கைராசி, நியாயமான விலை, கடைசியில் இரண்டு டெலிபோன் நம்பர்கள். நிதானமாகப் படித்துப் பார்த்தோம்; ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. இருபது வினாடிக்குள் தமிழில் முப்பது சொற்களுக்குமேல் மூச்சு விடாமல் சொல்ல முடியாது.

"அண்ணாச்சி, உங்கள் தெருவில் இருக்கும் மற்றப் பாத்திரக் கடைகளில் இல்லாதது உங்கள் கடையில் என்ன இருக்கிறது?" என்று கேட்டோம்.

"அப்படி என்ன இருக்கிறது, ஐயா? எல்லாம் ஒரே சரக்குத்தான்" என்றார். கொஞ்ச நேரம் யோசித்து, "ஈயம் பூசுகிற பெரியவர் ஒருவர் செவ்வாயும் வெள்ளியும் நம் கடை வாசலுக்கு வருகிறார். அதை எல்லாம் ரேடியோவில் சொல்லுவார்களா?" என்றார்.

அதைத்தான் சொல்ல வேண்டும் என்றோம். எத்தனை வீடுகளில் பாட்டி காலத்துப் பித்தளை அண்டாவும் தவலையும் ஈயம் பூச ஆளில்லாமல் பரண்மேல் கிடக்கின்றன! தரம், நாணயம் என்று சொல்லாத கடை ஏது? ஈயம் பூசித் தருகிறோம், செவ்வாயும் வெள்ளியும், பெருமாள் கோயில் தேரடிக்கு எதிரே. இவ்வளவு போதும். டெலிபோன் நம்பரை வேண்டாமென்று அடித்து விட்டோம். வண்டி ஓட்டுகிறவரோ தோசை வார்க்கிறவரோ பத்து இலக்கங்களைக் காதால் கேட்டு மனத்தில் நிறுத்துவது அஷ்டாவதானிகளுக்கே ஆகிற காரியம். தேரடி எங்கே இருக்கிறது என்று ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. விளம்பரம் பத்து நாள் நடந்தது. அண்டாவோடு வந்தவர்கள் பதினொரு பேர் என்று அண்ணாச்சி எண்ணி வைத்திருந்தார். அவர்களில் நாலு பேர் புதிதாகவும் ஏதோ வாங்கினார்களாம். போட்ட பணம் முழுவதும் வந்து விட்டதா என்றால், இல்லை. ஆனால் ஈயம் மறுபடி தேயும். வந்தவர்கள் மறுபடி வர வேண்டியவர்கள்.

அவர் எண்ணி வைத்திருந்தாரே, அதை நாம் பெரிய விஷயமாகக் கருதுகிறோம். "எப்படித் தெரிந்து வந்தீர்கள், அம்மா?" என்று கேட்டுக் கல்லாப் பெட்டி ஓரத்தில் ஒரு கோடு போட்டு வைப்பதற்கு எந்தச் செலவும் இல்லை. நிலையத்தாரிடமிருந்தும் எந்தெந்தத் தேதியில் எந்தெந்த நேரத்தில் ஒலிபரப்பானது என்ற பட்டியலைப் பில்லோடு சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு தனியார் நிலையத்தில் காலை நேரத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு நள்ளிரவில் ஒலிபரப்பிய கதை நமக்குத் தெரியும்.

மருந்துக் கடைக்காரர்களுக்கும் வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. நீரிழிவை வேரோடு அறுக்கிறேன், புற்று நோயைப் போக்குகிறேன் என்றெல்லாம் விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடுக்கிறது. ஆனாலும் காலை வேளையில் காதைத் திறந்தால் இத்தகைய பேச்சு அவ்வப்போது விழத்தான் செய்கிறது. பக்கத்தில் இப்படியொரு விளம்பரம் ஒலிக்கும் நிலையத்தில் நாணயமான கடைக்காரரின் சொல்லும் மதிப்புக் குறைந்து போகும் என்பதை நிலையத்தார் யோசிக்க வேண்டும்.

ரேடியோ கேட்பவர்களே குறைந்து விட்டார்களே என்று சிலர் கேட்கலாம். கைப்பேசிகளில் எப்.எம். வசதியை அடைத்து விட வேண்டாமென்று 2023-ல் மத்திய சர்க்கார் தயாரிப்பாளர்களுக்கு யோசனை சொல்ல வேண்டி வந்ததைப் பார்த்தால் அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் ஒப்பந்தம் செய்வதற்கு முன் கடைக்காரர் தம் தெருவில் ஒரு நடை நடந்து வர வேண்டும் என்கிறோம். டீக்கடையில், சலூனில், தையல் கடையில் எந்த நிலையம் பாடுகிறது என்று காது கொடுத்துக் கேட்டால் போதும். ஒன்றுமே பாடாத தெருவாக இருந்தால் பணம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

பண்டிகைக் காலத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் பெரிய ஜவுளிக் கடைகள் நல்ல நேரம் அத்தனையையும் வாங்கி விடுகின்றன. அந்தக் கூச்சலில் சின்னக் கடையின் குரல் எடுபடாது. பாத்திரக் கடைக்கு நாம் சிபாரிசு செய்வது மார்கழி மாதம். கல்யாணம் இல்லாத மாதமென்று மற்றவர்கள் ஓய்ந்திருப்பார்கள்; நிலையத்தாரும் விலையில் இறங்கி வருவார்கள். ஆனால் தை பிறந்ததும் பொங்கலுக்குப் பானை வேண்டும், கல்யாணத்துக்குச் சீர்வரிசை வேண்டும். அதற்கு எந்தக் கடைக்குப் போவது என்று வீட்டுப் பெண்கள் பேசி முடிவு செய்வது மார்கழியில், விடியற்காலையில் எழுந்து வாசலில் கோலம் போட்டு விட்டுக் காப்பிக்கு அடுப்பு மூட்டுகிற அந்த வேளையில்தான்.