பெராக்சைடு கம்மின்னா எண்ணெய் நல்லதா?

ப்ராஜெக்ட்னு வந்துட்டா போதும், பஜ்ஜிக்கடை எண்ணெயை பாட்டில்ல பிடிச்சுட்டு லேபுக்கு ஓட ஒரு கூட்டம் ரெடி. பொட்டாசியம் அயோடைடு சேர்க்கணும், சோடியம் தயோசல்பேட்டை ப்யூரெட்ல இருந்து விடணும், ஸ்டார்ச்சோட நீலம் மறைஞ்சா பெராக்சைடு மதிப்பு கையில். அது கம்மியா வந்தா "எண்ணெய் பரவாயில்லை"ன்னு ரெக்கார்ட் நோட்டில் முடிவுரை. மார்க்கும் விழுந்துடும்!

இது சோதனையே இல்லைங்க, சடங்கு. எண்ணெய் கெடுறதில் பெராக்சைடு முதல் படி மட்டும்தான். 180 டிகிரி கொதிக்கிற வாணலியில் அது நிலைக்காது, உடைஞ்சு ஆல்டிஹைடுகளா மாறிடும். சூரியகாந்தி எண்ணெயில் நிறைய இருக்கிற லினோலெயிக் அமிலத்திலிருந்து வர்ற 4-ஹைட்ராக்சிநோனினால் அப்படிப்பட்ட ஒரு நச்சு. ஆக, பலதடவை காய்ஞ்ச எண்ணெய்கூட இந்தப் பரீட்சையில் ஜம்முனு பாஸ் ஆகலாம்!

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பொரிச்ச எண்ணெய்க்கு 2018 ஜூலை 1 முதல் வச்ச வரம்பு, மொத்த போலார் சேர்மங்களுக்கு. 25 சதவீதம் தாண்டினா அதில் பொரிக்கக் கூடாது. அதை அளக்க கையடக்க மீட்டரே இருக்கு. வாங்க காசில்லையா? அனிசிடின் மதிப்பு ஆல்டிஹைடைக் காட்டிக் கொடுக்கும். பினால்ப்தலீன் போட்டு அமில மதிப்பாவது பார்க்கலாம். ஒரே எண்ணெயை 1, 3, 5, 10 தடவை காய்ச்சி ஒப்பிடலாம்.

இதெல்லாம் செய்யாம "பரவாயில்லை"ன்னு எழுதுறவங்களுக்கு மார்க் கிடைக்கும். பஜ்ஜி திங்கிறவனுக்கு என்ன கிடைக்கும்?