பெயர் சென்னை, ஆடியது கோவை

உலகக் கோப்பை வரும் வருஷங்களில் அந்நிய தேசத்துக் கோஷ்டிகளின் வர்ணங்களில் பனியன் தைத்தனுப்புவது திருப்பூருக்குப் பழக்கமான காரியம். தனக்கென்று ஆர்ப்பரிக்க ஒரு கோஷ்டிதான் இல்லாதிருந்தது. பிறகு சென்னை சிட்டி கால்பந்துச் சங்கம் கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்திற்குக் குடிபெயர்ந்தது. பெயர் சென்னையுடையதானால் என்ன? நமக்கு ரயிலில் ஒரு மணிப் பிரயாணந்தானே!

2019 மார்ச் 9-ந் தேதி, மினர்வா பஞ்சாபுடன் கடைசிப் பந்தயம். ஒரே ஒரு புள்ளி பின்னால் ஈஸ்ட் பெங்கால் காத்து நின்றது. தோற்றால் ஐ-லீக் பட்டம் கல்கத்தாவுக்கு! ஆரம்பத்திலேயே எதிரிகள் கோல் போட்டுவிட்டார்கள். பிற்பாதியில் பெத்ரோ மான்ஸி பெனால்டியால் சமன் செய்தார். அந்தப் பருவத்தில் 21 கோல் போட்ட மகானுபாவர் அவர். அப்பால் கௌரவ் போரா இரண்டு கோல் போட்டார். மூன்றுக்கு ஒன்று, பட்டம் கோவையில் தங்கிற்று.

அதே வருஷம் ஸ்விட்ஸர்லாந்தின் பாஸெல் சங்கம் 26 சதவிகிதப் பங்கு வாங்கியது. யோகம் பிறந்ததென்று ஊர் பேசிற்று. ஆனால் 2020-21 பருவத்திற்குப் பின் சென்னை சிட்டி ஐ-லீகில் இறங்கவேயில்லை.

பங்குதாரர் கணக்கில் ரசிகனுக்கு வரி ஏது? பனியன் கம்பெனியை மூடினாலும் தொழிலாளி கூலிப் பாக்கி கேட்கலாம். ஷிப்டு முடிந்து ரயிலேறிச் சென்று தொண்டை கிழியக் கத்தியவர் எந்தக் காரியாலயத்தில் போய் நிற்பார்?