தாயம் விழாத பரமபதம்

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் சென்டர்கள் இருந்த தொண்ணூறுகளில், டிபேஸ் படிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு என் வயதுக்காரர்கள் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ விளையாட்டைத்தான். ஒரு மணி நேரத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும். ஃபீஸ் கட்டிய லேப் நேரமும் ஒரு மணிதான். ஃப்ளாப்பியில் கைக்குக் கை மாறி வந்த அந்த டாஸ் பதிப்புதான் அசல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அசல் அது இல்லை. ஜோர்டன் மெக்னர் இதை எழுதியது ஆப்பிள் 2 கணினிக்கு, 6502 அசெம்ப்ளியில். 1989-இல் வந்தது. தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை போட்டு ஓடவிட்டு, குதிக்கவிட்டு, வீடியோ எடுத்து, ஒவ்வொரு அசைவையும் படம் படமாகத் திரைக்கு மாற்றினார். இளவரசன் விளிம்பில் தடுமாறி நிற்பதில் ஒரு மனிதக் கனம் தெரிவது அதனால்தான். எதிரிக்குப் புதிதாகப் படம் வரைய நினைவகத்தில் இடமில்லாமல் போனபோது, இளவரசனின் படத்தையே ஒரு புள்ளி தள்ளி அதன் மேலேயே கணக்குப் போட்டு ஒரு நிழல் மனிதனை உண்டாக்கினார். கண்ணாடியிலிருந்து குதித்து வருவானே, அவன்தான். விளையாட்டிலேயே மறக்க முடியாத பாத்திரம் இடப் பற்றாக்குறையில் பிறந்தவன்!

டாஸ் பதிப்பு 1990-இல் வந்தது. 1992-இல் கையடக்கமான கேம் பாய்க்குப் போனது. அதே வருடம் ஜப்பானில் சூப்பர் ஃபாமிகாமுக்குப் போனபோது 12 நிலைகள் 20 ஆயின, ஒரு மணி நேரம் இரண்டு மணி ஆனது. திருச்சியில் நாங்கள் விளையாடியதே போர்ட்தான், வேறு மெஷினுக்கு மாற்றி எழுதியது. அதிலும் நகலின் நகல்.

போன மாதம் தம்பி பையன் ஊருக்கு வந்திருந்தான். உள்ளங்கை அகலத்தில் லினக்ஸ் ஓடும் சீனக் கருவி ஒன்று வைத்திருந்தான். அதில் பிரின்ஸ். “எமுலேட்டரா?” என்று தெரிந்த மாதிரி கேட்டேன். “இல்ல பெரியப்பா, போர்ட். எமுலேட்டர்னா பழைய மெஷின் மாதிரியே நடிக்கிற ஒரு ப்ரோக்ராம். இது கேமையே இந்த மெஷினுக்காக மறுபடி எழுதினது” என்றான். அவன் வைத்திருந்தது எஸ்டிஎல்பாப். ரசிகர்கள் டாஸ் பதிப்பைக் கட்டளை கட்டளையாகப் பிரித்துப் பார்த்து சி மொழியில் எழுதியது.

ஆப்பிள் 2 மூல நிரலே வெளியில் கிடைக்கிறது. தொலைந்துபோனதென்று மெக்னரே நினைத்திருந்த பழைய ஃப்ளாப்பிகளை, 2012-இல் அவர் அப்பா தன் வீட்டு அலமாரியில் கண்டெடுத்தார். அதை மீட்டு கிட்ஹப்பில் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். அது இருந்தும் எஸ்டிஎல்பாப் எழுதியவர்கள் ஏன் டாஸைப் போய்ப் பிரித்து மேய்ந்தார்கள்? தொழில்நுட்பக் காரணம் ஏதாவது இருக்கலாம். எனக்கென்னவோ, அவர்கள் விரலும் எங்கள் விரலைப் போல டாஸில் பழகியதுதான் காரணம் என்று படுகிறது.

போர்ட் பண்ணுகிறவர்களுக்குப் படம் பெரிய தொல்லை இல்லை. 320-க்கு 200 புள்ளிகள் அந்தக் காலத்து மானிட்டரில் கொஞ்சம் நெட்டையாக விழும். இன்றைய சதுரப் புள்ளித் திரையில் அப்படியே போட்டால் இளவரசன் குட்டையாகிவிடுவான். அதைச் சரிக்கட்டிவிடலாம். பாடாய்ப் படுத்துவது காலம். இந்த விளையாட்டு விநாடிக்கு 12 படம்தான் ஓடும். இன்றைய கருவி 60 ஓட்டும். வழவழவென்று இருக்கட்டுமே என்று இடையில் படம் சொருகினால், தாவும் பொத்தானை எந்த அடியில் அமுக்க வேண்டும் என்ற கை ஞாபகம் பாழ். பின்னாளில் பளபளப்பாகப் புதுப்பித்து வந்த ஒரு பதிப்பில் தீப்பந்தமும் நிழலும் பிரமாதம். என் இளவரசன் முதல் பள்ளத்திலேயே விழுந்தான். (டூம் என்ற விளையாட்டு கேம் பாய் அட்வான்ஸுக்குப் போனபோது ரத்தத்தையே பச்சையாக்கினார்கள். அது கூடப் பரவாயில்லை என்பேன்.)

ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு இந்த விவகாரம் புதிதல்ல. வைகுண்ட ஏகாதசி ராத்திரி, சொர்க்கவாசல் திறக்கும்வரை கண்விழிக்க நாங்கள் ஆடுகிற பரமபதத்தையும் போர்ட் பண்ணியிருக்கிறார்கள். 1890-களில் இங்கிலாந்தில் அச்சடித்து விற்றார்கள். இந்தியப் பலகைகளில் பெரும்பாலும் பாம்பு அதிகம், ஏணி குறைவு. அங்கே இரண்டையும் சமமாக்கினார்கள். 1943-இல் அமெரிக்காவில் பாம்புகளே போய், குழந்தைகள் சறுக்குமரம் வந்தது.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள். என்னைக் கேட்டால் பெரிய சேதம் பகடையில். எங்கள் வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டை இரண்டு; ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று, வெற்று என நாலு முகம். விழக்கூடிய 16 வகையில் மூன்று விழ 4 வழி, தாயம் என்கிற ஒன்று விழ 2, பன்னிரண்டு விழ ஒன்றே ஒன்று. தாயம் விழுந்தால்தான் காயை இறக்கவே முடியும். ஆறுமுகப் பகடையிலோ எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு. பன்னிரண்டு கிடையவே கிடையாது. செல்போனில் கிடைக்கும் பரமபத ஆப்களில் நான் பார்த்தவை அந்த ஆறுமுகப் பகடையைத்தான் உருட்டுகின்றன. பெருமாள் படம் ஜோர், நாதஸ்வரம் ஜோர், தாயத்துக்காகக் காத்துக் கிடக்கும் அந்த எரிச்சல் மட்டும் இல்லை.

இதைச் சொன்னதும் பையனுக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. கருவிக்கென்று பரமபதம் எழுத உட்கார்ந்தான். பூஜ்யம் முதல் மூன்று வரை இரண்டு முறை குலுக்கு, இரண்டும் பூஜ்யமானால் பன்னிரண்டு: இரண்டு வரியில் தாயக்கட்டை முடிந்தது. தகராறு அதற்கப்புறம். தாயத்துக்கும் பன்னிரண்டுக்கும் இன்னொரு ஆட்டம் உண்டென்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஐந்துக்கும் ஆறுக்கும் உண்டு என்றாள் அம்மா. உறையூர் அத்தை ஐந்துக்குக் கிடையவே கிடையாது என்றாள். “உங்க பக்கம் எல்லாமே குறைச்சல்தான்” என்று அம்மா ஆரம்பித்ததும் பையன் கீபோர்டைத் தள்ளிவிட்டு, “இதுல ஒரிஜினல் எது?” என்று என்னைப் பார்த்தான். செட்டிங்ஸில் ‘அத்தை ரூல்’ என்று ஒன்று போட்டுவிடு, ஆனால் அது ஆன் ஆகியே இருக்கட்டும் என்றேன். ஏகாதசிக்கு அத்தை எங்கள் வீட்டில்தான் தங்குகிறாள்.