மறைப்பதா, ஒட்டுவதா?

அக்காவின் நிக்காஹ்வுக்கு முதல் வாரம் எங்கள் குசினிக்குப் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று வந்து சேர்ந்தது. பென்ட்ரி மேசையில், சின்க்குக்குப் பக்கத்தில், இரண்டு போமைக்காத் தகடுகள் சேரும் இடத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் அது பட்டுவிடக் கூடாது என்பது உம்மாவின் கவலை. விரிப்பு கோட்டை மறைத்தது. நிக்காஹ்வும் நல்லபடியாக நடந்தது.

அது ஒக்டோபர் மாதம். தெமோதரையில் அதன்பின் மழையும் பனிமூட்டமும்தானே! மழை சற்று ஓய்ந்திருந்த ஜனவரியில் ஒருநாள் விரிப்பைத் தூக்கிப் பார்த்தோம். கோடு இருந்த இடத்தில் மேசை ஒரு விரல் உயரத்துக்குப் பொங்கியிருந்தது. தேநீரில் நனைந்த பிஸ்கட்டைப் போலப் பலகை உதிர்ந்தது. பார்க்க வந்த பாஸ், "இதை ஒட்ட முடியாது தங்கச்சி, அந்தப் பக்கம் முழுவதையும் கழற்றத்தான் வேணும்" என்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்டு வாப்பா பேசாமல் எழுந்து வெளியே போனார்.

நகத்தால் கிள்ளி எறிய வேண்டியதைக் கோடரியால் வெட்ட வைத்தது எது? தண்ணீரா? இல்லை, அந்த விரிப்புத்தான் என்பேன். குறையை மறைக்க நமக்குத் தெரிகிறது, திருத்தத் தெரியவில்லை. பெண்பிள்ளைகளாகிய நாம் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

போமைக்கா எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. நம்மில் பலர் வீட்டில் இன்னும் விறகடுப்பும் மரப்பலகையும்தான். ஆனால் பதுளை பஸாரின் பழைய சாப்பாட்டுக் கடை மேசைகளிலும், பாடசாலை மேசைகளிலும், வீட்டு அலுமாரிகளிலும் அதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அது மரமல்ல, அடிப்படையில் கடதாசிதான்! 1912இல் அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் வேலை செய்த இரண்டு பொறியியலாளர்கள், மின்சாரம் பாயாமல் தடுக்கப் பயன்பட்ட மைக்கா என்ற கனிமத்துக்குப் பதிலாக இதை உருவாக்கினார்கள். மைக்காவுக்கு மாற்று என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். தடித்த கடதாசிகளைப் பினோல் பிசினில் தோய்த்து, மேலே மெலமைன் பிசின் ஊறிய வண்ணக் கடதாசியை வைத்து, பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒரே தகடாக்குகிறார்கள். அதன் தடிப்பு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான்.

அந்தத் தகட்டின் மேல் தண்ணீர் நின்றால் துடைத்துவிடலாம். ஆபத்து, தகடுகள் சேரும் இடத்திலும், விளிம்பு உடைந்த இடத்திலும், சின்க்குக்காக வெட்டிய ஓரத்திலும் இருக்கிறது. கீழே இருப்பது மரத்தூளையும் சிராய்களையும் பசையோடு சேர்த்து அழுத்திய சிப்போர்ட் அல்லது எம்.டி.எப். பலகை. அது தண்ணீரைக் குடித்துப் பொங்கும். காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே பொங்குவதற்கு முன்பே கவனிக்க வேண்டும்.

எங்கள் மேசையின் மறுபக்கத்திலும் இதேபோல ஒரு பொருத்து இருந்தது. தகடு சற்றுக் கிளம்பியிருந்தாலும் பலகை பொங்கவில்லை. அந்தப் பாஸிடமே கேட்டு, வாப்பா பக்கத்தில் நிற்க, அதை நானே செய்தேன். செய்த முறையை இங்கே சொல்கிறேன்.

முதலில் அந்த இடத்தில் தண்ணீர் படாமல் மூன்று நாள் காயவிட்டேன். மின்விசிறியையும் திருப்பி வைத்தேன். பின்பு இடுக்கில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டித் துடைத்தேன். தகட்டை மெதுவாகத் தூக்கி, மெல்லிய குச்சியால் பலகையிலும் தகட்டின் அடியிலும், இரண்டு பக்கமும், தச்சர்கள் போமைக்கா ஒட்டும் பசையைப் பூசினேன். உடனே ஒட்டக் கூடாது. நடுவில் ஈர்க்குத் துண்டுகளைச் செருகிப் பதினைந்து நிமிடமளவில் விட்டேன். விரலில் ஒட்டாத அளவுக்குப் பசை காய்ந்ததும் ஈர்க்குகளை உருவி, ரொட்டி உருட்டும் கட்டையால் அழுத்தி உருட்டி, மேலே அரிசி மூடையை இரவு முழுக்க வைத்தேன். மறுநாள் இடுக்கின் இருபுறமும் டேப் ஒட்டி, நடுவில் சிலிக்கன் பூசி வழித்துவிட்டேன்.

ஓர் எச்சரிக்கை: இந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பையும் கேஸையும் அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது.

விளிம்பில் ஒரு துண்டு உடைந்து விழுந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். அதே துண்டை அதே இடத்தில் ஒட்டுவதுதான் மிக அழகான திருத்தம். துண்டு தொலைந்துவிட்டால், இரண்டு குழாய்களில் வரும் கலவைப் பசையில் மேசையின் நிறத்துக்கு ஏற்ற வண்ணம் சிறிது கலந்து குழியை நிரப்பி, பழைய போன் கார்டால் மட்டமாக வழித்து, ஒருநாள் இறுகவிடலாம். கூர்ந்து பார்த்தால் தழும்பு தெரியத்தான் செய்யும். தெரியட்டுமே! தண்ணீர் இறங்காது, அது போதும்.

"இதெல்லாம் ஆம்பிளைகள் வேலை" என்று மாமி சொன்னார். அந்த மேசைக்கு முன்னால் ஒரு நாளில் அதிக நேரம் நிற்பவர் யார்? கோட்டை முதலில் கண்டவர் உம்மாதான். கண்டவருக்குச் செய்யத் தெரிந்திருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். சாதாரண தரத்தில் மனைப்பொருளியலும் இருக்கிறது. வடிவமைப்பும் கட்டுமானத் தொழினுட்பவியலும் இருக்கிறது. முதலாவது பெண்களுக்கு, மற்றது ஆண்களுக்கு என்று எந்தப் பாடத்திட்டமும் சொல்லவில்லை. அப்படிப் பிரித்தது நம் வழக்கம்தான். சமையல் படிக்கும் பிள்ளை, சமைக்கும் மேசையைத் திருத்தவும் படித்தால் என்ன குறைந்துவிடும்?

"ஒட்டுப் போட்ட வீடு என்று சொல்வார்களே" என்பது இன்னொரு தயக்கம். நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று சிறு வயதிலேயே படித்த நமக்கு இதில் என்ன வெட்கம்? 2022இல் ஒரு டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை நாம் மறக்கவில்லை. அன்றைக்கு ஏறிய பல பொருள்கள் பழைய விலைக்கு வரவில்லை. திருத்தக்கூடிய ஒன்றை உதிரும்வரை மூடிவைத்துப் புதிதாக வாங்குவதுதான் வெட்கப்பட வேண்டிய காரியம்.

நம் ஊரைக் கடந்து பதுளைக்கு ரயில் வரத் தொடங்கியது 1924இல். நூறு வருடம் கடந்தும் தெமோதரை வளைவில் ரயில் சுற்றி வந்து சுரங்கத்துக்குள் நுழைகிறது. பாதை பார்க்கும் தொழிலாளர்கள் மழையிலும் தண்டவாளத்தின் வழியே நடந்து, பொருத்துகளையும் ஆணிகளையும் பார்த்துச் சரி செய்வதால்தான் அது ஓடுகிறது. அவர்கள் எதையும் மூடி வைப்பதில்லை, குனிந்து பார்க்கிறார்கள்.

பெற்றோரிடமும் ஆசிரியைகளிடமும் ஒரு வேண்டுகோள். தவணை விடுமுறைக்கு முன் ஒருநாளைத் திருத்தும் நாளாக ஒதுக்குங்கள். மாணவியரின் வாப்பாமார், நானாமார் மத்தியில் தச்சு வேலை தெரிந்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். உடைந்த மேசைகளோ பாடசாலையிலேயே இருக்கின்றன. நாம் கற்றுக்கொள்வோம், மேசைகளும் திருந்தும்.

எங்கள் குசினியில் இப்போது விரிப்பு இல்லை. நான் ஒட்டிய கோடு வெள்ளையாகத் தெரிகிறது. வருபவர்கள் கேட்டால், "மகள் ஒட்டினது" என்று உம்மாவே சொல்கிறார். உங்கள் குசினியிலும் ஒரு விரிப்பு இருந்தால், இன்றைக்கு ஒரு தடவை தூக்கிப் பாருங்கள்.