பழைய டர்போ காரும் வீட்டுப் பிள்ளைகளும்: வீண்விரயமா, பயிற்சியா?

பழுதடைந்த ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, வீட்டுக் கராஜில் நிறுத்திக் குடும்பத்தோடு சீரமைப்பது குறித்து நம் மக்களிடையே இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. பெரியவர்கள் பலர் அதை வீண்விரயம் என்கிறார்கள். ஓடாத இரும்புக்குப் பணத்தைக் கொட்டுவதைவிட ஓடுகின்ற நல்ல வண்டியொன்றை வாங்கலாமே என்பது அவர்கள் கேள்வி. மற்றொரு சாரார், இளைஞர்கள் தெருவில் சுற்றாமல் வீட்டோடு இருந்தால் போதும், ஏதேனும் செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு கருத்துகளிலும் உண்மை உண்டு. எனினும் இரண்டுமே முக்கியமான ஒன்றைக் காணத் தவறுகின்றன. வேகத்தின் மீது பிள்ளைகளுக்குள்ள மோகத்தைப் பொறுப்புணர்வாக மாற்றுவதற்கு இந்தப் பணியைப் போல் உதவுவது வேறொன்றும் அரிது என்பதே எங்கள் கருத்து. ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உள்ளன.

பிரித்தானியாவில் வாழும் குடும்பங்களை முன்வைத்தே இதை எழுதுகிறோம். இங்கே பதினேழு வயதில் பிள்ளைகள் கார் ஓட்டக் கற்கிறார்கள். இருபதை எட்டுவதற்குள் சிலர் மாதத் தவணையில் வேகமான வண்டியொன்றை எடுத்துவிடுகிறார்கள். திருமண வீடுகளுக்கு வாடகைக்கு எடுத்த கார்களில் வந்து இறங்கும் வழக்கமும் பெருகிவிட்டது. அந்த வண்டி எப்படி ஓடுகிறது, எப்படி நிற்கிறது என்பது ஓட்டுகிற பிள்ளைக்குத் தெரியாது. சாவியைத் திருகுகிறான், மிதிக்கிறான், அவ்வளவே. இந்நாட்டில் சாலை விபத்துகளில் இளம் ஓட்டுநர்கள் தம் எண்ணிக்கைக்கு மிஞ்சிய அளவில் சிக்குகிறார்கள் என்பது யாவரும் அறிந்த செய்தி. வாலிபன் ஒருவனின் ஜனாஸாவில் நிற்கும்போது மட்டும் வேகத்தைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைந்து போவது போதாது.

டர்போ என்பது என்ன?

என்ஜினில் எரிந்து வெளியேறும் புகை வெறுமனே வீணாகாமல் ஒரு சிறு விசிறியைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு விசிறி வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் அதற்கேற்ப எரிபொருளும் மிகுதியாக எரியும், ஆற்றல் பெருகும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் ப்யூஷி 1905ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற கருத்து இது. அமெரிக்காவில் 1962இல் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயரும் ஷெவர்லே கோர்வேரும் டர்போவுடன் விற்பனைக்கு வந்தன. ஐரோப்பாவில் 1973இல் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ வந்தது. எண்ணெய் நெருக்கடி மூண்ட நேரமாதலால் சொற்ப எண்ணிக்கையிலேயே அது தயாரிக்கப்பட்டது. அதன்பின் போர்ஷே, சாப் போன்ற நிறுவனங்கள் இந்த முறையை நிலைநாட்டின.

எங்கள் வீட்டுக் கராஜில் நிற்கும் வகையையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். போர்ஷே 944 டர்போ 1985 முதல் 1991 வரை தயாரிக்கப்பட்டது. நான்கு சிலிண்டர், 2479 சி.சி. கொள்ளளவு, 220 குதிரைத்திறன். புதிதாக இருந்தபோது மணிக்கு 245 கிலோமீட்டர் வரை செல்லக்கூடியது. ஏறத்தாழ நாற்பதாண்டு வயதான இந்த வண்டி இன்றும் ஓர் இளைஞனின் உயிரைப் பறிக்கப் போதுமான வேகம் கொண்டது. ஆகவே அதைப் பிள்ளையின் கையில் கொடுப்பதற்கு முன், பிள்ளையின் கையாலேயே அதைப் பிரித்துப் பார்க்கச் செய்வது நல்லது.

கை கற்றுக்கொள்ளும் பாடங்கள்

இந்த என்ஜினில் பற்கள் கொண்ட ரப்பர் பெல்ட் ஒன்று உண்டு. டைமிங் பெல்ட் என்பார்கள். பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு விலகியிருக்குமாறு இரண்டையும் ஒத்திசைவாக இயக்குவது அதன் வேலை. ஓடுகிறபோது அது அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளின் மீது மோதி அவற்றை வளைத்துவிடும். ஒரு நொடியில் என்ஜின் பாழாகும். வண்டி அதிக தூரம் ஓடியிருக்கவில்லை என்றாலும், ஆண்டுகள் கடந்தாலே அந்த ரப்பர் நம்பகமற்றதாகிவிடும். ஆதலால் பழைய வண்டியை வாங்கியவர் முதலில் செய்யவேண்டியது வர்ணம் பூசுவதன்று, பெல்ட்டை மாற்றுவதே. கண்ணுக்குத் தெரியாத பாகம் முதலில், பளபளப்பு கடைசியில் என்ற இந்த வரிசையை ஒரு பிள்ளை ஏற்றுக்கொண்டாலே பாதிப் பாடம் முடிந்தது.

அடுத்தது பிரேக். சக்கரத்தைக் கழற்றினால் தெரியும் காலிபர் அலுமினியத்தால் ஆனது. பிரேக் பேடுகள் அசையும் இடத்தில் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் பொருத்தப்பட்டிருக்கும். ஆண்டுகள் செல்லச்செல்ல, சாலையில் தூவும் உப்பின் ஈரத்தால் தகட்டுக்கு அடியில் அலுமினியம் அரித்து, தகடு மேலெழும்பி, பேடு இறுகிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வண்டி மட்டும் நேராக நிற்காது. இந்த அரிப்பைத் தன் கையால் சுரண்டி எடுத்த பிள்ளைக்கு, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியை எது நிறுத்துகிறது என்பதை எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை.

டர்போவே ஒரு பாடம்தான். அதன் அச்சு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. மெல்லிய எண்ணெய்ப் படலமே அதைத் தாங்குகிறது. விரைந்து ஓட்டி வந்த உடனே என்ஜினை அணைத்தால், எண்ணெய் ஓட்டம் நின்றுபோய், அந்த வெப்பத்தில் எண்ணெய் கருகிப் படியும். 944 டர்போவில் என்ஜின் அணைந்த பிறகும் சிறிது நேரம் தண்ணீரைச் சுழற்றி டர்போவைக் குளிர்விக்கத் தனியாக ஒரு மின்பம்ப் வைத்திருக்கிறார்கள். அது இருந்தாலும் கடைசி ஒரு மைலை மெதுவாக ஓட்டி வந்து, சற்று நேரம் என்ஜினை ஓடவிட்டு அணைப்பதே நல்ல பழக்கம். பொறுமையற்றவனுக்கு இந்த வண்டி உழைக்காது.

குடும்பம் எங்கே வருகிறது?

இது ஆண்பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டால் பலன் பாதியாகக் குறையும். எங்கள் வீட்டில் பழுதுபார்க்கும் கையேட்டைப் படித்துச் சொல்வதும், நட்டுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குவதும் மகளின் பொறுப்பு. சக்கர நட்டு ஒவ்வொன்றுக்கும் 130 நியூட்டன் மீட்டர். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தம்பி கழற்றிய போல்ட்டுகளைச் சிறு பைகளில் இட்டு, எந்தப் பாகத்திலிருந்து வந்தவை என்று எழுதி ஒட்டுவான். செலவுக் கணக்கு உம்மாவின் நோட்டில் இருக்கும். ஊரில் தையல் மிஷின் முதல் தண்ணீர் மோட்டார் வரை எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டிய பெரிய வாப்பா, நாற்காலியில் அமர்ந்தபடியே எந்த போல்ட் முரண்டு பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். பேரப்பிள்ளைகள் தமிழில் நீண்ட நேரம் பேசுவது அவரிடம் மட்டுமே, அதுவும் பெரும்பாலும் அந்தக் கராஜில்தான். மூன்று தலைமுறையும் ஒரே பொருளைப் பார்த்துப் பேசும் வேளை வேறு எந்த இடத்தில் வாய்க்கிறது?

பாதுகாப்பில் மட்டும் பாசத்திற்கு இடம் தரக்கூடாது. ஜாக் வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே; தாங்கி நிற்பதற்கன்று. ஆக்சில் ஸ்டாண்டுகள் வைக்காமல் எவரும் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கக்கூடாது. பழைய பிரேக் பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். பிரித்தானியாவில் அது 1999இல்தான் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. ஆகையால் அந்தத் தூசியை ஊதவோ உலர்ந்த நிலையில் துடைக்கவோ கூடாது. கூலண்ட் இனிப்பாக இருக்கும். ஆனால் குழந்தைக்கும் பூனைக்கும் கொடிய நஞ்சு. சிந்தினால் அக்கணமே கழுவ வேண்டும். இறுகி வெடித்துப்போன பெட்ரோல் குழாய்களை ஒட்டுப்போட்டு ஓட்டக்கூடாது. சூடான என்ஜின் மீது ஒழுகினால் தீப்பற்றும். நிச்சயமாகத் தெரியாத வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை அருகில் நின்று பார்க்கச் செய்வது கௌரவக் குறைவன்று.

வீண்விரயம் எப்போது?

பெரியவர்களின் கேள்விக்கு இப்போது வருவோம். அவர்களின் அச்சம் ஆதாரமற்றதன்று. வாங்கிய விலையைவிடப் பழுதுபார்க்கும் செலவு கூடிப்போவது பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் சாதாரணம். ஆகவே நான்கு வரம்புகளை வகுத்துக்கொள்வது அவசியம் என்று கருதுகிறோம்.

முதலாவது, கடன் கூடாது. வட்டிக்குப் பணமெடுத்துப் பொழுதுபோக்கு நடத்துவதை எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது. மாதந்தோறும் குடும்பம் ஒதுக்கும் தொகை தீர்ந்தால் அந்த மாதத்து வேலை அத்துடன் நிற்க வேண்டும். ஜகாத்தும் உறவினர் தேவையும் பிள்ளைகளின் படிப்பும் போக மிஞ்சியதே இதற்குரியது.

இரண்டாவது, சட்டம். ஓடாத வண்டியை, சாலையில் பயன்படுத்தவில்லை என்று டி.வி.எல்.ஏ. அலுவலகத்திற்கு முறையாக அறிவித்துவிட வேண்டும். மாற்றியமைத்த பாகங்களைக் காப்பீட்டு நிறுவனத்திடம் மறைக்கக்கூடாது. நாற்பதாண்டு கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத வண்டிகளுக்கு ஆண்டுதோறும் செய்யும் எம்.ஓ.டி. சோதனை கட்டாயமில்லை. ஆயினும் விலக்கு இருக்கிறதென்று சோதனையைத் தவிர்ப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை. பிறர் கண் ஒன்று வண்டியின் அடிப்பகுதியைப் பார்ப்பது நம் உயிருக்கும் எதிரே வருபவர் உயிருக்கும் நல்லது.

மூன்றாவது, அண்டை வீட்டாரின் உரிமை. இரவில் என்ஜினை உறுமவிடுவதும், நடைபாதையை அடைத்துப் பாகங்களைப் பரப்புவதும், கழிவு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவதும் அநீதி. கழிவு எண்ணெயைப் பெற்றுக்கொள்ள உள்ளூராட்சி மறுசுழற்சி நிலையங்கள் இருக்கின்றன. பூட்டிய கேனில் கொண்டுபோய்க் கொடுப்பதையும் பிள்ளைகளின் வேலையாக வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, நேரம். பாங்கு ஒலித்தால் ஸ்பேனரைக் கீழே வைக்கத் தெரியாத வீட்டில் இந்தக் கார் வேண்டாம். தேர்வு நேரத்திலும் வேண்டாம். வண்டி காத்திருக்கும்; அது ஏற்கனவே நாற்பதாண்டு காத்திருந்ததுதான்.

இந்த நான்கும் பேணப்பட்டால் செலவு பயிற்சியாகிவிடுகிறது. பேணப்படாவிட்டால் பெரியவர்கள் சொல்வதே சரி.

விற்கும் நாளில்

இந்தப் பணியின் கடினமான தேர்வு, வண்டியை விற்கும் நாளில் வருகிறது. அந்தக் காலத்து 944 கார்களில் மொத்த தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டருக்குள் ஒரு சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கிறது. வயதானால் அது நொறுங்கிவிடும். வேகமானி வழக்கம்போல வேலை செய்யும். தூரக் கணக்கு மட்டும் நின்றுபோகும். ஆகவே இத்தகைய வண்டியில் குறைவான தூரம் காட்டுவது உண்மையான தூரமாக இருக்க வேண்டுமென்பதில்லை. வாங்குபவருக்கு அது தெரியாமலிருக்கலாம். குறைந்த தூரம் ஓடிய வண்டிக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்பது விற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

இந்த இடத்தில் வாப்பா என்ன செய்கிறார் என்பதைப் பிள்ளைகள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். குறையை மறைத்து விற்பது நம் மார்க்கத்தில் ஆகாது என்பது அவர்கள் மதரஸாவில் படித்த பாடம். பல்சக்கரம் எப்போது உடைந்தது, எப்போது மாற்றப்பட்டது, எத்தனை ஆண்டுக் கணக்கு பதிவாகவில்லை, எந்த இடத்தில் துரு வெட்டி ஒட்டப்பட்டது, எந்தப் பாகம் அசலானதன்று என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, பிள்ளைகளின் முன்னிலையில் வாங்குபவர் கையில் கொடுத்துவிட வேண்டும். எம்.ஓ.டி. சோதனைப் பதிவுகளை எவரும் இணையத்தில் பார்க்கலாம் என்பது உண்மையே. அப்படிப் பார்க்க முடியாத ஒன்றையும் நாமாகச் சொல்வதில்தான் நேர்மை இருக்கிறது. விலையில் ஓராயிரம் பவுண்டு குறைந்தாலும் குறையட்டும். மதரஸாவில் வாயால் படித்ததை வீட்டில் கண்ணால் பார்க்கும் வாய்ப்புக்கு அந்தத் தொகை அதிகமன்று.

பெற்றோருக்கு நாங்கள் சொல்வது இதுவே: மகன் வேகமான வண்டி கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே தவணையில் கையெழுத்திடவும் வேண்டாம். இருவரும் சேர்ந்து உருவாக்கினால் கிடைக்கும் என்று சொல்லிப் பாருங்கள். போர்ஷேதான் வேண்டுமென்பதில்லை, வசதிக்கேற்ற எந்தப் பழைய வண்டியும் போதும். கராஜ் இல்லாத வீட்டில் ஒரு சைக்கிளிலிருந்தும் தொடங்கலாம். முதல் ஞாயிற்றுக்கிழமையிலேயே அவன் ஆர்வம் தீர்ந்துவிட்டால், தவணைக் கடனொன்று மிச்சம். ஆர்வம் நிலைத்தால், ஓரிரு ஆண்டுகள் கழித்து இன்ஷா அல்லாஹ் அவன் ஓட்டுநர் இருக்கையில் அமரும்போது, காலுக்குக் கீழே இருக்கும் பிரேக்கைத் தானே பூட்டியவனாக அமர்வான்.